மொய்க் கவரில் வைத்த தீர்ப்பு

1

மகள் இனியாவை நீச்சல் வகுப்பில் இறக்கிவிட்டு, காருக்குள்ளேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் எனக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. அப்போதுதான் லோன் ஆபீசர் டேவ் அழைத்தார்.

நாங்கள் வீடு வாங்கப் போகிறோம் என்று ஊரில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. பிரிட்ஜ்வாட்டரில், கோயிலுக்குப் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பின்பக்கம் மேப்பிள் மரம் நிற்கும் வீடு. உசிலம்பட்டியில் இருக்கும் என் அம்மா, பால் காய்ச்ச நல்ல நாள்கூடப் பார்த்துவிட்டாள். டேவ் குரலில் மட்டும் அன்றைக்கு வழக்கமான குதூகலம் இல்லை. உங்கள் பெயரிலும் கணவர் பெயரிலும் ஒரு ஜட்ஜ்மென்ட், பழைய கோர்ட் தீர்ப்பு, ஓப்பனாக இருக்கிறது, அது தீராமல் வங்கி கடன் தராது என்றார்.

"அதைக் கட்டியாகிவிட்டது" என்றேன், ஆங்கிலத்தில், சோற்றை விழுங்கிக்கொண்டே.

"கட்டியிருக்கலாம். கோர்ட்டுக்குத் தெரியாதே" என்றார் அவர்.

இங்கே ஒருவர் யோக்கியமானவரா என்று அவர் தெருவில் போய் விசாரிக்க மாட்டார்கள். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று சொல்லும் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பார்கள். எங்களுடையது பளிச்சென்றுதான் இருந்தது. கோர்ட் தீர்ப்புகள் இப்போதெல்லாம் அதில் வருவதில்லையாம். ஆனால் வீட்டுக்கடன் கொடுப்பவர்கள் அதோடு விடுவதில்லை, கோர்ட் பதிவுகளையும் துழாவுகிறார்கள். நம் ஊரில் நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். இங்கே ஆளுக்கே வில்லங்கம் போடுகிறார்கள்.

அந்த வில்லங்கத்தை நீக்க வழி ஒன்றுதான். வழக்குப் போட்டவரே, எனக்கு வரவேண்டியது வந்துவிட்டது என்று நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டை விற்பவர் குறித்த தேதிக்குள் அது வராவிட்டால், வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்கு அவர் வீட்டைக் கொடுத்துவிடுவார்.

வழக்குப் போட்டவர் மங்கை ஆன்ட்டி. இனியா பிறந்தபோது எனக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்துப் போட்டவர். அவரிடம் நான் நேருக்கு நேர் பேசியே வருஷக்கணக்காகிறது.

2

என் கணவர் பாண்டிக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. புராஜெக்ட் முடிந்தால் அடுத்த ஊர், சம்பளம் கூடினால் அடுத்த ஊர். முதல் தடவை நியூ ஜெர்சியில் இருந்தபோது எடிசன் பக்கம் மங்கை ஆன்ட்டியின் டவுன்ஹவுஸில் வாடகைக்கு இருந்தோம். அவருக்குப் பேராவூரணி. கணவர் இறந்த பிறகு, அந்த வீட்டின் வாடகையை வைத்துத்தான் அதன் கடனைக் கட்டிக்கொண்டு, மகள் நிலாவையும் படிக்க வைத்தார். வாடகை ஒப்பந்தம் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம். ஆனால் இது வெறும் காகிதத்து உறவு என்று நாங்களும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒப்பந்தம் முடியப் பல மாதம் இருக்கும்போது பாண்டிக்கு டெக்சாஸில், இர்விங்கில் வேலை கிடைத்தது. ஆன்ட்டியிடம் போய்ச் சொன்னோம். "போயிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்றார். நம் ஊரில் ஒருவர் பாத்துக்கலாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? விட்டுவிட்டேன் என்று அர்த்தம் என எடுத்துக்கொண்டு நாங்கள் சாமான்களை ஏற்றினோம். பிறகு பேசிக்கொள்வோம் என்ற அர்த்தத்தில் அவர் சொல்லியிருக்கிறார்.

வீடு வெகுநாள் காலியாகக் கிடந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் மீதியிருந்த மாதங்களின் வாடகையைக் கேட்டு இர்விங் அபார்ட்மென்டுக்குக் கோர்ட் காகிதம் வந்தது. "ஆன்ட்டி கோவத்துல அனுப்பிருக்காங்க. நம்ம மேலயா கேஸ் நடத்தப் போறாங்க? கோவம் ஆறட்டும், பேசிக்கிருவோம்" என்றார் பாண்டி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாங்கள் போகவில்லை. போகாதவர்களுக்கு எதிராகத் தீர்ப்பாகிவிட்டது.

3

திரும்பவும் நியூ ஜெர்சிக்கே வந்து சேர்ந்தோம். அதே கடை, அதே கோயில், அதே ஆட்கள். கோயிலில் மங்கை ஆன்ட்டியைப் பார்த்தால் நான் செருப்பு தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். பணத்தைக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தோம். எப்படிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

வழி சொன்னவர் ஷாஜகான் அண்ணன். ராமநாதபுரத்துக்காரர், மளிகைக்கடை வைத்திருக்கிறார். இரண்டு தரப்புக்கும் அரிசி கொடுப்பவர் என்பதால் இரண்டு தரப்புக் கதையும் அவருக்குத் தெரியும்.

"நேரா கையில குடுத்தா அந்தம்மாவுக்கும் கூச்சம், உங்களுக்கும் கூச்சம். நிலா பாப்பா கல்யாணம் வருதுல்ல? மொய்யா வச்சிருங்க. யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேக்க வேண்டியதில்ல. பகையும் தீந்துரும், பணமும் போய்ச் சேந்துரும்."

எவ்வளவு அழகான யோசனை என்று அன்றைக்கு நினைத்தோம். எங்கள் இருவருக்கும் கரும்பு மாதிரி இனித்தது. தீர்ப்பில் என்ன தொகையோ அதற்குப் பாண்டி செக் எழுதப் போனார். நான் விடவில்லை. மொய்யை யாராவது மொட்டையாக வைப்பார்களா? "ஒண்ணு சேத்து எழுதுங்க" என்றேன். "கோர்ட் கணக்குல ஒண்ணு எங்கடி வருது?" என்றார். "கோர்ட்டுக்கா குடுக்குறீங்க? கல்யாணத்துக்குக் குடுக்குறீங்க" என்றேன். அவர் ஒரு டாலர் சேர்த்து எழுதினார். செக்கின் அடியில் எதற்கான பணம் என்று எழுதும் கோட்டில், தமிழர் பண்பாட்டின் மொத்தப் பாரத்தையும் தோளில் சுமந்தவராக, 'வெட்டிங் பிளெஸ்ஸிங்ஸ்' என்று எழுதினார்.

மஞ்சள் தடவிய கவரில் போட்டு, நிலா கல்யாணத்தில் மொய்யாக வைத்துவிட்டு வந்தோம். ஆன்ட்டி கவரை வாங்கினார், "சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். செக் பணமாகிவிட்டது. விவகாரம் முடிந்தது என்று நாங்கள் தலைமுழுகிவிட்டோம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மொய் வைத்தால் மைக்கில் பேர் சொல்வார்கள். யார், எந்த ஊர், எவ்வளவு என்று மண்டபம் முழுக்கக் கேட்கும். சின்ன வயதில் எனக்கு அது மகா எரிச்சலாக இருக்கும், சாப்பிடும்போது இதென்ன ஏலம் மாதிரி என்று. இப்போது கம்ப்யூட்டரில் ரசீதே அடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்களாம். உசிலம்பட்டியில் ரசீது வாங்கிக்கொண்டு மொய் வைக்கிறார்கள். அமெரிக்காவில் கோர்ட் தீர்ப்பை நாங்கள் ரசீது இல்லாமல் கவரில் வைத்துவிட்டு, பாயசம் குடித்துவிட்டு வந்திருக்கிறோம்.

4

டேவ் கைகாட்டிய வழக்கறிஞர் ஒரு பெண்மணி. வங்கியிலிருந்து எடுத்த செக் நகலை அவருக்கு அனுப்பினேன். அவர் போனில் கூப்பிட்டார்.

"இதில் கல்யாண ஆசீர்வாதம் என்றல்லவா இருக்கிறது" என்றார்.

மொய் என்றால் என்னவென்று விளக்கினேன். ஆங்கிலத்தில் அதை விளக்க முயன்று பாருங்கள். அன்பளிப்பு, ஆனால் திருப்பித் தர வேண்டும். திருப்பித் தர வேண்டும், ஆனால் கடன் இல்லை. கேட்கக் கூடாது, ஆனால் மறக்கவும் கூடாது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்: கடனைக் கட்டிவிட்டோம் என்று நாமே கோர்ட்டில் மனுப் போடலாம், ஆனால் நாளாகும். எதிர்த்தரப்பு இது பரிசுதான் என்று சொன்னால் செக்கும் அதைத்தான் சொல்லும். தொகையில் ஒரு டாலர் கூடுதலாக இருப்பதும் உதவாது. பேசாமல் அந்தப் பெண்மணியின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

அந்த வாரம் நான் நானாக இல்லை. அலுவலக மீட்டிங்கில் மைக்கை அணைக்காமல் பெருமூச்சு விட்டேன். 287 நெடுஞ்சாலையில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு எங்கோ போனேன். டேவிடமிருந்து மெயில் வந்திருக்கிறதா என்று சிக்னலில் நிற்கும்போதெல்லாம் போனைப் பார்த்தேன். பாண்டிக்கோ இதில் வேறு யோசனை ஓடியது.

"டெக்சாஸ்ல சுகர் லேண்ட்ல இருந்து ஒரு ரெக்ரூட்டர் வேலைக்குக் கூப்ட்டுக்கிட்டே இருக்கான். எனர்ஜி கம்பெனி. அங்க வீடும் சீப். பேசாம இதை டிராப் பண்ணிட்டு மூவ் பண்ணிருவோமா?"

"அங்க போனா மட்டும் வில்லங்கம் பாக்க மாட்டானா?"

"வாடகைக்கு இருப்போம்."

"நீங்க போய் ஆன்ட்டிகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க."

"கேஸ் போட்டவங்க வாசல்ல நான் போய் நிக்க மாட்டேன்."

மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த இனியா, "ஐ ஆம் நாட் சேஞ்சிங் ஸ்கூல்ஸ் அகெய்ன்" என்றாள். கத்தவில்லை. தண்ணீர் வேண்டும் என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். நாங்கள் தமிழில் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் தமிழில் வராது. ஒவ்வொரு ஊரிலும் சிநேகிதிகளை விட்டுவிட்டு வந்து, இப்போதெல்லாம் சிநேகிதி பிடிப்பதையே நிறுத்திவிட்ட பிள்ளை. வாங்கப்போகும் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இப்போது அவள் படிக்கும் பள்ளி; அங்கேதான் முதல் முறையாக ஒருத்தி இவளைத் தேடி வீட்டுக்கு வந்தாள். மறுநாளே நான் தனியாகக் கிளம்பினேன்.

5

மங்கை ஆன்ட்டி இப்போது அதே டவுன்ஹவுஸில் தானே குடியிருக்கிறார். கதவைத் திறந்தவர் முகத்தில் ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை.

"வா. செருப்ப அங்கயே விடு."

நான் சமைத்த அதே அடுப்பு, கைப்பிடி தளர்ந்த அதே அலமாரி. பூசி மெழுகிப் பேசினேன். நிலா எப்படி இருக்கிறாள், உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்றெல்லாம். அவர் எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். கடைசியில் விஷயத்துக்கு வந்தேன்.

"ஒரு கையெழுத்து வேணும் ஆன்ட்டி. அந்தக் கேஸ்... பணம் குடுத்தாச்சுல்ல, அத கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்கணும்."

"எப்ப குடுத்தீங்க?"

"நிலா கல்யாணத்துல."

"நிலா கல்யாணத்துல மொய் வெச்சீங்க. கடனை எப்ப குடுத்தீங்க?"

"என்ன ஆன்ட்டி, அவ்வளவு பெரிய தொகைய யாராச்சும் மொய்யா வெப்பாங்களா?"

"பேராவூரணிப் பக்கம் வந்து பாரு. லட்ச லட்சமா வெப்பாங்க. செக்குல என்ன எழுதியிருந்துச்சு? உன் வீட்டுக்காரரு கையெழுத்துதானே அது?"

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. "நீங்கதான் எங்க மேல கேஸ் போட்டீங்க" என்று சொல்லிவிட்டேன்.

"ஆமா, போட்டேன். பணத்துக்குன்னு நெனைக்கிறியா? பணத்துக்குந்தான். மாசாமாசம் இந்த வீட்டுக்கு நான்தானே கட்டணும். ஆனா கோர்ட்டுக்கு வருவீங்க, மொகத்தப் பாத்துப் பேசி அங்கயே முடிச்சுக்கலாம்னு இருந்தேன். நல்ல பொடவையாக் கட்டிக்கிட்டுப் போனேன், தெரியுமா? பேரக் கூப்ட்டாங்க. நான் மட்டும் எந்திரிச்சு நின்னேன். திரும்பித் திரும்பிக் கதவைப் பாத்தேன். சட்டுனு முடிஞ்சிருச்சு. ஜெயிச்சுட்டீங்கன்னு சொன்னாங்க. என்னத்த ஜெயிச்சேன்?"

நான் பையிலிருந்து காகிதங்களை வெளியே எடுத்தேன், திரும்ப உள்ளே வைத்தேன்.

"சரி, அது போகட்டும். மொய் வெச்சீங்க. சந்தோஷமா வாங்கிக்கிட்டேன். ஒறவு திரும்பிருச்சுன்னு நெனச்சேன். உன் வீட்ல ஒரு விசேஷம் வந்தா திருப்பிச் செய்யணும்னு காத்துக்கிட்டிருந்தேன். போன வருஷம் இனியாவுக்குச் சடங்கு பண்ணீங்கள்ல?"

பண்ணினோம். ஒரு ஹால் எடுத்து, இனியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, ஊரையே கூப்பிட்டோம்.

"ஷாஜகான் கடையில பத்திரிகைய ஒட்டிருந்தாங்க. அங்கதான் பாத்தேன். எனக்கு வரல. மொய் வெச்ச வீட்டுக்காரி விசேஷம் பண்ணும்போது என்னைக் கூப்பிடலன்னா அதுக்கு என்ன அர்த்தம்? ஒன் மொய்யும் வேணாம், நீயும் வேணாம்னுதானே? நீயே சொல்லு, நீயும் மொய் செய்யுற ஊர்க்காரிதானே."

அதன் அர்த்தம்தான் எனக்குத் தெரியுமே. எங்கள் பக்கத்தில் அதற்காக அண்ணன் தம்பி குடும்பங்களே பேச்சை விட்டிருக்கின்றன. ஆன்ட்டியைக் கூப்பிட வேண்டாம் என்று நாங்கள் பேசி முடிவெடுக்கக்கூட இல்லை. எங்களுக்கு அது கடன், கொடுத்து முடித்துவிட்டோம், அவ்வளவுதான். அவருக்கு அது மொய், அப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.

"நீங்க வந்து அவ்வளவையும் திருப்பி வெச்சிருந்தா கடன் அப்படியே நின்னுருக்குமே ஆன்ட்டி" என்றேன்.

"நிக்கட்டுமே. அதுக்குத்தான் கோர்ட் இருக்கே."

இதைச் சொல்லிவிட்டு அவர் வாய் லேசாகக் கோணியது. சிரிப்பை அடக்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "காகிதத்தக் கொண்டா" என்று கை நீட்டினார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தீர்ப்பையும் செக் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இது என்ன இதுல ஒண்ணு கூட இருக்கு?"

"மொய்ல்ல ஆன்ட்டி... மொட்டையா வெக்கக் கூடாதுன்னு."

"யாரு சேத்தது?"

"நான்தான்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கோர்ட்டு சொன்னது கோர்ட்டு சொன்னதுதான். அது கடன், அது தீந்துருச்சு. இந்த ஒண்ணு மட்டும் கோர்ட்டு கணக்குல இல்ல. இதுதான் நீ வெச்ச மொய்." கண்ணாடியைக் கழற்றினார். "எங்க வந்து கையெழுத்துப் போடணும்?"

6

வங்கியில் நோட்டரிக்காக அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். ஆன்ட்டி தன் பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து இரண்டாக உடைத்து, பெரிய பாதியை என் பக்கம் நீட்டினார். நோட்டரி இளைஞன் அடையாள அட்டையைப் பார்த்து, யாரும் வற்புறுத்தாமல் உங்கள் சொந்த விருப்பத்தில்தானே கையெழுத்திடுகிறீர்கள் என்று அவரைக் கேட்டான்.

"வற்புறுத்தித்தான்" என்று தமிழில் சொல்லிவிட்டு, "யெஸ், யெஸ்" என்றார் ஆன்ட்டி.

கையெழுத்திட்ட காகிதத்தை வழக்கறிஞர் கோர்ட்டில் சேர்த்தார். டேவின் குரலுக்குக் குதூகலம் திரும்பி வந்தது. ஆனாலும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. கோர்ட் பதிவில் எங்கள் பெயருக்கு நேராக இருந்த வார்த்தை மாறிவிட்டதா என்று திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தேன். மாறிய பிறகும் பார்த்தேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வீடு எங்கள் கைக்கு வந்தது; கிரகப்பிரவேசப் பத்திரிகை வைக்க இந்த முறை பாண்டியும் வந்தார். குங்குமச் சிமிழ், பழம், தட்டு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு ஆன்ட்டியின் வாசலில் அவர் நின்ற நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "வாங்க தம்பி. கோர்ட்டுக்குத்தான் வரல, வீட்டுக்காச்சும் வந்தீங்களே" என்றார் ஆன்ட்டி. பாண்டி காது வரைக்கும் சிவந்துபோனார்.

7

பால் காய்ச்சினோம். புகை அலாரம் கத்தியது, ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலேயே ஜன்னலைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். ஆன்ட்டி வருவாரா மாட்டாரா என்று நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கூட்டம் கொஞ்சம் அடங்கிய பிறகு வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார்.

கவரை என்னிடம் கொடுக்கவில்லை. இனியாவைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார். "பிரிச்சு சத்தமாப் படி. எங்க ஊர்ல மைக்ல சொல்லுவாங்க. இங்க நீதான் மைக்."

அவள் கவரைப் பிரித்தாள். உள்ளே ஒரு பத்து டாலர் நோட்டு, ஓர் ஒற்றை டாலர் நோட்டு. கவரின் மேல் எழுதியிருந்த தமிழை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள், தமிழ்ப் பள்ளிக்குக் கொடுத்த காசெல்லாம் அன்றைக்குத்தான் ஜீரணமாயிற்று எனக்கு.

"பழைய... மொய்... ஒன்று. புது மொய்... பத்து."

எல்லோரும் சிரித்தார்கள். ஷாஜகான் அண்ணன் கை தட்டினார். நான் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்னைவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்த ஒருவர் என் வீட்டுக்குள் நிற்கிறார், எனக்கு அது போதும்.

இனியா பின்னாலேயே வந்தாள். "ஸோ, ஷி பெய்ட் அஸ் பேக் த ஒன். அண்ட் நௌ வீ ஓ ஹெர் டென்?"

"ஆமா, இனி நாமதான் அவங்களுக்குப் பத்து செய்யணும்."

"வில் திஸ் கோ ஆன் யுவர் கிரெடிட் ரிப்போர்ட்?"

"இதெல்லாம் அதுல வராது."

"தென் ஹௌ வில் ஷி நோ யூ வில் பே?"

பதில் சொல்வதற்குள் ஹாலில் பாண்டியின் குரல் கேட்டது. நிலாவுக்கு வளைகாப்பு தை மாதம் வைத்திருக்கிறார்களாம். ஆன்ட்டி சொல்லச் சொல்ல, பாண்டி போனில் குறித்துக்கொண்டிருந்தார். அந்தப் போன் அவர் கையிலேயே அதிர்ந்தது. சுகர் லேண்ட் நம்பர்.

பாண்டி அதை எடுத்து, ஆங்கிலத்தில் பணிவாக, இப்போதைக்கு எங்களால் இந்த ஊரைவிட்டு வர முடியாது என்றார். குடும்பத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது, அதற்கு நாங்கள் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது என்றார்.